பொம்மைக் கடைக்கு ஒரு நாற்காலி



நம் ஆண்டவர் சிறுபிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்துப் பார்த்தவர். மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் தம் காலத்துத் தலைமுறையைக் குறித்துப் பேசும்போது, சந்தைவெளியில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைகளை அவர் உவமையாக எடுத்துக்கொள்கிறார். அந்தப் பிள்ளைகள் குழல் ஊதிக் கலியாண விளையாட்டு விளையாடுகிறார்கள். பின்பு ஒப்பாரி வைத்துத் துக்க வீட்டையும் விளையாடிப் பார்க்கிறார்கள். இவற்றை அவர்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியவர்கள் செய்வதைக் கண்டார்கள்; கண்டதைச் செய்தார்கள். ஆகவே பிள்ளைகளின் விளையாட்டைச் சற்று நின்று கவனித்தால், நாம் நடத்தும் உலகம் எப்படிப்பட்டது என்பது சிறிய அளவில் நமக்குத் தெரியவரும். இவ்வாரம் அப்படிப்பட்ட ஒரு விளையாட்டைக் குறித்து உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அது பொம்மைகளுக்குக் கடை கட்டும் விளையாட்டு.

இது நமக்குப் புதியதன்று. சங்க காலத்துப் பெண்பிள்ளைகள் மணலில் சிறு வீடு கட்டி விளையாடினார்கள். அதற்குச் சிற்றில் என்று பெயர். பஞ்சாய்க் கோரையில் பாவை செய்து, அதையே பிள்ளையாக வைத்துக் கொஞ்சினார்கள். நமக்கு மிக அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதையும், தாங்கள் கட்டிய சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று சிறுமியர் கெஞ்சும் பாடலாகவே அமைத்திருக்கிறார். ஆண்பாற் பிள்ளைத்தமிழிலும் சிற்றில் ஒரு தனிப் பருவம். சிறுமியர் கைகளால் கட்டிய ஒரு சிறு வீட்டுக்கு நம் மொழி இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது. நம் பாட்டிமார் காலத்தில் செப்புச் சாமான் இருந்தது. விரல் அளவு அடுப்பு, விரல் அளவு பானை, அம்மி, குழவி என்று ஒரு வீட்டின் சமையற்கட்டு முழுவதும் ஓலைப்பெட்டி ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

கடையும் அந்தச் சிறிய உலகத்தில் உண்டு. நவராத்திரி நாள்களில் அயலார் வீட்டுக் கொலுவைப் பார்த்தவர்கள் செட்டியார் பொம்மையை மறந்திருக்க முடியாது. பெரிய வயிற்றோடு செட்டியார் அமர்ந்திருப்பார். பக்கத்தில் அவருடைய மனைவி அமர்ந்திருப்பார். அவர்களுக்கு முன்னால் அரிசி, பருப்பு, மிளகாய், மஞ்சள் எல்லாம் சிறு சிறு கிண்ணங்களில் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் இத்தகைய கொலுப் பொம்மைகளைச் செய்யும் குடும்பங்களே நம் கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கான சொரூபங்களையும் செய்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். செட்டியாரையும் மேய்ப்பனையும் ஒரே கைகள் வனைகின்றன.

மேலைநாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. ஜெர்மனியில் 19ஆம் நூற்றாண்டிலேயே சிறு இழுப்பறைகளும் தராசும் கொண்ட மளிகைக் கடைகளைப் பிள்ளைகளுக்கென்று செய்தார்கள். டெல்லியில் இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் கட்டடத்தை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், அதே காலத்தில், 1921 முதல் 1924 வரை, இங்கிலாந்தின் மேரி அரசிக்காக ஒரு பொம்மை வீட்டையும் கட்டினார். உண்மை அளவில் பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்யப்பட்ட அவ்வீட்டின் குழாய்களில் தண்ணீர் வரும். மின்தூக்கி ஏறி இறங்கும். பின்பு 1959இல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி அறிமுகமானாள். மடியில் கிடத்தித் தாலாட்டும் குழந்தைப் பொம்மையாக அல்லாமல், உடை உடுத்தி அழகு பார்க்கும் வளர்ந்த பெண்ணின் உருவமாக அவள் இருந்தாள். இன்று இராஜபாளையத்தின் பேன்சிக் கடைகளில் தொங்கும் விலை குறைந்த பெண் பொம்மைகளும் அவளைப் பார்த்துச் செய்யப்பட்டவையே.

கடந்த விடுமுறையில் எங்கள் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளிடம், நம் ஊர்க் கடைவீதியை அட்டையில் கட்டிக் காட்டும்படி சொல்லியிருந்தோம். கடைக்காரர்களாக இருக்க அவரவர் வீட்டுப் பொம்மைகளைக் கொண்டுவரலாம் என்றோம். இப்பொம்மைகள் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் உயரம் உள்ளவை. அதாவது மனித உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. எனவே கடையில் உள்ள ஒவ்வொன்றையும் ஆறால் வகுக்க வேண்டும். 90 சென்டிமீட்டர் உயர மேசை 15 ஆகிறது. ஆளுயர அலமாரிக்கு ஒரு செருப்புப் பெட்டியின் நீளம் போதும். ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒரு மீட்டருக்கும் குறைவான துண்டாகிவிடுகிறது. ஏதாவது ஒன்றின் அளவு தவறினாலும் கடை முழுவதும் பொய்யாகத் தோன்றும். பிள்ளைகள் அளவுகோலை வைத்துக்கொண்டு வகுத்தல் கணக்குப் போட்டதைப் பார்த்த அவர்களுடைய பெற்றோர் வியந்தார்கள்.

பொருள்கள் அவரவர் வீட்டிலிருந்தே வந்தன. பஞ்சாலையில் வேலை செய்கிறவரின் மகன், நூல் சுற்றும் காகிதக் கூம்புகளைக் கொண்டுவந்து கடைகளுக்குத் தூண் நிறுத்தினான். சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி, பொம்மைகளுக்கு மெல்லிய துப்பட்டாவாக மாறியது. தையற்கடையில் மிஞ்சிய ரவிக்கைத் துண்டுகள் மடித்த சேலைகளாயின. பால்கோவாக் கடை இல்லாமல் நம் பகுதியில் ஒரு கடைவீதி ஏது? களிமண்ணை உருட்டி, எண்ணெய்த்தாளில் பொதிந்து, அதையும் வைத்தார்கள்.

ஆனால் ஓரிடத்தில் எல்லாப் பிள்ளைகளும் தடுமாறினார்கள். பொம்மை நிற்க மறுத்தது. குதிகால் உயர்ந்த செருப்பு அணிவதற்கென்றே இத்தகைய பொம்மைகள் பெரும்பாலானவற்றின் பாதங்கள் வார்க்கப்பட்டிருக்கின்றன. குதிகால் எப்போதும் மேலே தூக்கியே இருக்கும். விரல் நுனி மட்டுமே தரையில் படும். கையை எடுத்தால் விழுந்துவிடும். ஒரு பையன் பொம்மையை ரப்பர் பட்டையால் அலமாரியோடு சேர்த்துக் கட்டினான். இன்னொருவன் முதுகில் கம்பி வைத்து ஒட்டினான். ஜவுளிக் கடை கட்டிய பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும், அட்டையை வெட்டி மடித்து, ஏழரை சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நாற்காலி செய்து, அதில் தன் பொம்மையை உட்கார வைத்தாள்.

“சேல்ஸ் கேர்ள் உட்காரக் கூடாதுல்ல? முதலாளிதான் உட்காருவாரு” என்றான் பக்கத்துக் கடைக்காரச் சிறுவன்.

“கூட்டம் இல்லாதப்ப உட்காரட்டும்” என்று சொல்லிவிட்டு, அவள் சேலைகளை அடுக்கத் தொடங்கினாள்.

அவளுடைய தாய் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை செய்கிறவர். காலை ஒன்பதரை மணிக்கு ஏறும் கால், இரவு ஒன்பது மணிக்குத்தான் இறங்கும் என்று அவரே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். மாலையில் பாதம் வீங்குகிறது. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டிருக்கிறது. அந்தப் பையன் சொன்னதிலும் பொய் இல்லை. கடையில் கண்டதைத்தான் அவன் சொன்னான். பிரியமானவர்களே, இரண்டு பிள்ளைகளும் நம் கடைவீதியைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். ஒருவன் அங்கே இருப்பதைப் பார்த்தான்; மற்றவள் அங்கே இல்லாததைப் பார்த்தாள்.

அவள் கேட்டது பெரிய சலுகை அன்று. அது ஏற்கெனவே சட்டமாக இருக்கிறது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதா நம் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. 1947ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் புதிதாக 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. கடைகளில் வேலை செய்கிறவர்கள் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். வேலை நேரம் முழுவதும் கால்விரல்களின் மேலேயே நிற்கும் நிலை அவர்களுக்கு நேரக்கூடாது என்பதே அதன் கருத்து. கூட்டம் இல்லாதபோது உட்காரட்டும் என்று அச்சிறுமி சொன்னதும், சட்டமன்றம் சொன்னதும் ஒன்றே.

நமக்கு மேற்கே மலைக்கு அப்பால் உள்ள கேரளம், 2018இலேயே இதற்குச் சட்டத் திருத்தம் செய்துவிட்டது. அது தானாக வந்ததன்று. கோழிக்கோட்டில் விஜி என்னும் தையற்காரப் பெண்மணி கடைப் பெண்களை ஒன்றுசேர்த்துப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின்வழி ஆண்டுக்கணக்காகப் போராடியதன் பயன் அது. இங்கிலாந்திலோ 1899ஆம் ஆண்டிலேயே கடைப் பெண்களின் இருக்கைக்கென்று தனிச் சட்டம் வந்தது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்றது அது. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்யும் தொழிலாளி உட்காரவும் வசதி வேண்டும் என்றது. அதாவது, நம் ஊர்ப் பஞ்சாலைத் தொழிலாளிக்கு 1948இல் சட்டப்படி கிடைத்த இருக்கை, அந்த நூலில் நெய்த சேலையை விற்கும் பெண்ணுக்குக் கிடைக்க 73 ஆண்டுகள் ஆயின.

என் சிறுவயதில் ஜவுளிக் கடை என்றால் தரையில் விரித்த வெள்ளை மெத்தைதான் நினைவுக்கு வரும். கடைக்காரர் அதில் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். துணி எடுக்கப் போனவர்களும் எதிரே அமர்ந்துகொள்வோம். சேலை நடுவில் விரியும். கொலுவில் இருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும் அமர்ந்திருப்பது அந்தப் பழைய கடைமுறையின் அடையாளம். அங்கே முதலாளியும் விற்பவரும் பெரும்பாலும் ஒருவரே. கடை மாடிமேல் மாடியாக வளர்ந்து, மெத்தை போய் மேசை வந்து, விற்பவர் கூலிக்கு வந்த பெண்ணாக ஆனபோது, வாங்க வந்தவருக்கு நாற்காலி போட்டார்கள். விற்பவருக்குப் போட மறந்தார்கள். விருதுநகர்க்காரரான இயக்குநர் வசந்தபாலன் 2010இல் ‘அங்காடித் தெரு’ என்ற திரைப்படத்தில் சென்னை ரங்கநாதன் தெருவின் கடைப் பிள்ளைகளைக் காட்டியபோது, பலரும் கண் கலங்கிப் பார்த்தார்கள். கலங்கிய கண்ணோடு வீடு திரும்பிய நாம், அடுத்த பண்டிகைக்கு அதே கடைகளில் அவர்களை நிற்க வைத்துத்தான் நாற்பது சேலைகளை விரிக்கச் சொன்னோம்.

வேதாகமம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? மத்தேயு 11இல் பிள்ளைகள் விளையாடும் இடத்தை நம் தமிழ் வேதாகமம் ‘சந்தைவெளி’ என்கிறது. 20ஆம் அதிகாரத்தில் கூலிக்கு ஆள் அழைக்க வீட்டெஜமான் போகும் இடத்தைக் ‘கடைத்தெரு’ என்கிறது. கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் ‘அகோரா’ என்ற ஒரே சொல்தான். ஒரே வகையான இடம். பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், வேலை தேடும் ஏழைகளோ அங்கே நிற்கிறார்கள். காலையில் நின்றார்கள், நண்பகலிலும் நின்றார்கள், வேலை முடிய ஒரு மணி நேரமே இருக்கும்போதும் அவர்களில் சிலர் நின்றுகொண்டே இருந்தார்கள். உவமையின் எஜமான் இதைக் கவனிக்கிறார். நாள் முழுவதும் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். நிற்கிறவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஒரு தேவனை நமக்கு அறிமுகப்படுத்தும் உவமை அது.

ரூத்தின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாம் அதிகாரத்தில், போவாஸின் வயலில் மேற்பார்வை செய்யும் வேலைக்காரன் மோவாபியப் பெண்ணைக் குறித்துச் சொல்லும்போது, எபிரெய மூலத்தில் ‘நின்றாள்’ என்ற வினையும் ‘உட்காருதல்’ என்ற சொல்லும் ஒரே வசனத்தில் வருகின்றன. காலை தொடங்கி நின்றவள். நிழலில் சற்று நேரமே உட்கார்ந்தவள். இதைக் கேட்ட போவாஸ் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. தாகம் எடுத்தால் போய்க் குடி என்கிறார். சாப்பாட்டு வேளையில் அவளை அருகே அழைக்கிறார்; அவளும் அறுவடைக்காரரோடு உட்கார்ந்து உண்கிறாள். அன்று மாலை அவள் கதிர் தட்டி அளந்தபோது ஏறத்தாழ ஒரு மரக்கால் அல்ல, ஒரு ஏப்பா அளவு வாற்கோதுமை இருந்தது. உட்கார்ந்து இளைப்பாறியவளின் உழைப்பு குறைந்துவிடவில்லை.

உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லப்படும் நோக்கம் இன்னும் தெளிவானது. உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்பதே அது. ‘உன்னைப்போலவே’ என்ற சொல்லில் முதலாளியின் உடம்பும் வேலைக்காரியின் உடம்பும் ஒரே தராசில் வைக்கப்பட்டிருக்கின்றன. நம் ஆண்டவருக்கும் கால் வலித்திருக்கிறது. யோவான் 4ஆம் அதிகாரத்தில் அவர் நடந்து களைத்து, யாக்கோபின் கிணற்றருகே உட்காருகிறார். உட்கார்ந்த நிலையில்தான் அவர் சமாரியப் பெண்ணோடு அந்த அரிய உரையாடலை நடத்தினார். களைத்தவர் உட்காருவது சோம்பல் என்றால், அந்தக் குற்றச்சாட்டு முதலில் யார்மேல் விழும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் சபையைச் சேர்ந்த ஒரு கடை உரிமையாளரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் மறைக்காமல் சொன்னார்: “ஸ்டூல் வாங்கிப் போடுறது பெரிய காரியம் இல்லைங்கய்யா. ஆனா கஸ்டமர் உள்ள வர்றப்ப புள்ளைங்க உட்கார்ந்திருந்தா, மரியாதை தெரியாத கடைன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க.” அவர் சொன்னதை நான் தள்ளிவிட முடியவில்லை. நாற்காலி இல்லாமற்போனதற்கு முதலாளியின் மனம் மட்டும் காரணமன்று. நமக்காக ஒருவர் நிற்பதையே மரியாதை என்று எண்ணும் நம் மனமும் அதற்குக் காரணம்.

ஆகையால் அன்பானவர்களே, கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போகும்போது மூன்று காரியங்களைச் செய்யும்படி உங்களை வேண்டிக்கொள்கிறேன். முதலாவது, விற்பனைப் பகுதியில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், போகும்போது உரிமையாளரிடம் அன்பாகச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவோ அவளைச் சுட்டிக் காட்டவோ வேண்டாம். அதன் விளைவு அவள் தலையில் விழும். இரண்டாவது, உட்கார்ந்திருப்பவர் உங்களைக் கண்டு பதறி எழுந்தால், ‘பரவாயில்லம்மா, இருங்க’ என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் அருகில் இருக்கும்போது கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் கடை விளையாட்டு விளையாடும்போது அந்தச் சொல் அங்கே கேட்கும். மூன்றாவது, கடை வைத்திருக்கும் சகோதரரே, சகோதரியே, பண்டிகைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே இருக்கைகளை வாங்கிப் போடுங்கள். போட்டபின், அவற்றில் உட்கார அனுமதியும் கொடுங்கள். மேலே துணிக்கட்டுகளை அடுக்கி வைத்த நாற்காலியால் யாருக்கும் பயன் இல்லை.

இவ்வாண்டு உங்கள் வீட்டில் குடில் கட்டும்போது பெத்லகேமின் கடைவீதியையும் பிள்ளைகளோடு சேர்ந்து கட்டிப் பாருங்கள். மேய்ப்பர்களும் ஞானிகளும் வரும் வழியில் ஒரு ரொட்டிக் கடை, ஒரு துணிக் கடை, ஒரு குயவர் கடை இருக்கட்டும். பெத்லகேம் என்ற பெயருக்கே அப்ப வீடு என்றுதான் பொருள். கடைக்கு உள்ளே யார் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே உட்காருவார்கள், எப்போது சாப்பிடுவார்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைத் திருத்த அவசரப்பட வேண்டாம். நம் கடைவீதியைப் பற்றி நமக்குத் தெரியாத ஏதோ ஒன்றை அவர்கள் பார்த்திருக்கக்கூடும்.

ஜெபம்: அன்பின் பிதாவே, கடைகளிலும் ஆலைகளிலும் எங்களுக்காக நிற்கிறவர்களை நினைத்தருளும். வீங்கிய பாதங்களோடு இன்றிரவு வீடு திரும்பும் தாய்மாருக்கு இளைப்பாறுதல் தாரும். கடை நடத்துகிறவர்களுக்கு இரக்கமுள்ள மனதையும், வாங்கப் போகும் எங்களுக்குப் பொறுமையையும் தாரும். எங்களைப் பார்த்து விளையாடும் பிள்ளைகள் நல்லதைக் காணச் செய்யும். களைத்துக் கிணற்றருகே அமர்ந்த இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.